லாகோஸ் அத்தானும் பார்டர் பரோட்டாவும்

2014இன் கடைசியில், திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து திருநெல்வேலிக்கு 3,000 ரூபாய் என்று பேசி ஏறிய வாடகைக் கார், களியக்காவிளையைத் தாண்டுவதற்குள் 4,500 ரூபாயாகிவிட்டது. விடுப்பில் வந்த அத்தான் கைப்பேசியில் ‘லாகோஸ்’ என்று சொன்னது ஓட்டுநர் காதில் விழுந்ததே காரணம். “நைஜீரியாவா அண்ணாச்சி? எபோலா இருக்கிற ஊராச்சே! வண்டியை மருந்து போட்டுல்லா கழுவணும்” என்றவர், கண்ணாடிகளை இறக்கிவிட்டு மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டார். எங்களை மட்டும் இறக்கிவிடவில்லை. 1,500 ரூபாயில் தீர்ந்துபோகிற உயிர்பயத்தை நான் வழிப்பறி என்றே சொல்வேன். குற்றாலத்துக்கென ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அங்கேயே போயிற்று.

இத்தனைக்கும் நைஜீரியாவில் எபோலா என்ற அந்தக் கொடிய தொற்றுநோய் ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2014 அக்டோபர் 20 அன்றே அறிவித்துவிட்டது. அதே ஆண்டு ஜூலை 20இல் லைபீரியாவிலிருந்து லாகோஸ் வந்திறங்கிய பேட்ரிக் சாயர் என்ற பயணி வழியாகத்தான் நோய் அங்கே நுழைந்தது. அவரை அனுப்பிவிடச் சொல்லி வந்த நெருக்குதலுக்கு இணங்காமல் மருத்துவமனையிலேயே நிறுத்திவைத்த மருத்துவர் அமெயோ ஸ்டெல்லா அடடெவோ, அதே நோய்க்கு ஆகஸ்ட் 19இல் பலியானார். நோயாளிகளோடு தொடர்புடைய ஏறத்தாழ 900 பேரைத் தேடிப் பிடித்து, வீடு வீடாகச் சென்று கண்காணித்ததால், அந்தப் பெருநகரம் உள்ள நாட்டில் நோய் 20 பேரோடு நின்றது. இறந்தவர்கள் 8 பேர். விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கிருமி புகுந்து 2 முதல் 21 நாள் வரை அறிகுறியே தெரியாமல் இருக்கக்கூடும். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் காய்ச்சல் இல்லாமல் விமானம் ஏறிய தாமஸ் எரிக் டங்கன் என்ற பயணிக்கு, அமெரிக்காவின் டல்லாஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் நோய் வெளிப்பட்டது.

குற்றாலத்தில் ஒரு விடுதிக்காரர் கடவுச்சீட்டில் நைஜீரிய விசாவைப் பார்த்ததும், காலியாக இருந்த அறையை இல்லையென்றார். அடுத்த விடுதியில் முகவரிப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஐயப்ப பக்தர்களின் நெரிசலில் அருவிக் குளியல் அரைகுறையாக முடிந்தது.

மனம் ஆறியது செங்கோட்டை அருகேயுள்ள பிரானூரில்தான். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்ததால் ‘பார்டர்’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கும் அந்த இடத்தில், கல்லிலிருந்து எடுத்துத் தட்டி இலையில் போட்ட சின்னப் பரோட்டாக்களைப் பிய்த்து, நாட்டுக்கோழிச் சால்னாவில் ஊறவிட்டு, மிளகுக் கோழியோடு சாப்பிட்டபோது, அத்தான் லாகோஸையும் மறந்தார், கார்க்காரரையும் மறந்தார். பரிமாறியவர் எந்த ஊர் என்று கேட்டார், பதிலைக் கேட்டதும், “அங்கே பரோட்டா கிடைக்குமா?” என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. இருவருக்கும் சேர்த்து 300 ரூபாய்கூட ஆகவில்லை.

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2012இல் சவூதியில் கண்டறியப்பட்ட மெர்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய், பதிவான நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைக் கொல்கிறது. ஆயினும் துபாயிலிருந்தோ ஜித்தாவிலிருந்தோ வருகிறவரைக் கண்டு அன்று எவரும் மூக்கை மூடியதாக நான் அறியவில்லை.

திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர்கள் தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் போய் நாகர்கோவில் பேருந்தைப் பிடிப்பதே பணத்துக்கு நல்லது. அப்படியும் கார்தான் வேண்டுமென்றால், அடுத்த முறை துபாயிலிருந்து வருவதாகச் சொல்லும்படி அத்தானிடம் சொன்னேன். மாறி ஏறியது துபாயில்தான் என்பதால் அது பொய்யாகாது என்று அவரும் ஒப்புக்கொண்டார்.