உப்பும் உபரியும்

பிப்ரவரி 27

அக்காவின் அறுவை சிகிச்சைத் தேதி மீண்டும் தள்ளிப்போய்விட்டது. காரணத்தை யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 28

அவசரத்தில் பையில் போட்டுக்கொண்டு வந்த ஒரே புத்தகம், வெள்ளையர் ஆட்சிக் காலத்துக் காங்கிரஸ் தலைவர் கோபால கிருஷ்ண கோகலேயின் உரைத் தொகுப்பு. சென்னையில் நடேசன் நிறுவனம் 1908இல் வெளியிட்டது. என்னிடம் இருப்பது அதன் ஒளிநகல். அக்கா தூங்கியதும் மருத்துவமனை வராந்தா விளக்கடியில் உட்கார்ந்து 1902 மார்ச் 26ஆம் தேதி உரையை எடுத்தேன்.

இடம் கல்கத்தா. அரசப் பிரதிநிதி கர்சனின் சட்டமன்றம். நிதி உறுப்பினர் எட்வர்ட் லா வைத்த கணக்கில் ஏழு கோடி ரூபாய் உபரி. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளுக்குள் நாடு இரண்டு பெரும் பஞ்சங்களையும் பிளேக்கையும் கண்டிருந்தது. கஜானா நிரம்பியதற்காக மற்றவர்கள் வாழ்த்துச் சொல்லும் சபையில், முப்பத்தைந்து வயது பெர்குசன் கல்லூரிப் பேராசிரியர் கோகலே எழுந்து, இந்த வாழ்த்தில் சேர என் மனசாட்சி இடம் தரவில்லை என்கிறார். இந்த உபரி இரண்டு வகையில் அநீதி என்கிறார். மக்கள் துன்பப்படும் காலத்தில் தேவைக்கு மேல் அவர்களிடம் பிடுங்கியது ஒன்று. அப்படிப் பிடுங்கிய பணத்தையே நாட்டின் செழிப்புக்குச் சான்றாகக் காட்ட முடிவது இன்னொன்று.

இரண்டாவதை நினைத்துக்கொண்டே கிடந்தேன். தூக்கம் வரவில்லை.

மார்ச் 2

அந்த ஏழு கோடி எங்கிருந்து வந்தது என்பதை அவர் பிரித்துக் காட்டும் இடத்தை இன்று மறுபடி படித்தேன்.

இந்தியா ஆண்டுதோறும் லண்டனுக்குக் கட்ட வேண்டிய தொகை இங்கிலாந்து நாணயமான பவுனில் இருந்தது. அன்று 240 பென்ஸ் ஒரு பவுன். வரியோ ரூபாயில் வசூலானது. வெள்ளியின் விலை சரிந்து, ரூபாயின் மதிப்பு 13 பென்ஸ் அளவுக்கு விழுந்தபோது, அதே பவுனைக் கட்ட அதிக ரூபாய் தேவைப்பட்டது. அதைச் சொல்லித்தான் வரிக்கு மேல் வரி வந்தது. 1886இல் வருமான வரி. 1888இல் உப்பு வரி, மணங்கு என்ற பழைய எடைக்கு இரண்டு ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாய். 1896இல் இந்திய ஆலைத் துணிக்கு மூன்றரை சதவீத உற்பத்தி வரி. இதற்கிடையே 1893இல், வெள்ளி கொண்டுவருபவர்களுக்கு ரூபாய் அடித்துத் தருவதை நாணயச்சாலைகள் நிறுத்தியிருந்தன. அதன் பலனாகப் பிறகு ரூபாய் ஏறி 16 பென்ஸில் நின்றது. லண்டனுக்குக் கட்டுவதில் கோடிக்கணக்கில் மிச்சம். ஆனால் ரூபாய் விழுந்ததற்காகப் போட்ட வரிகள் அப்படியே நின்றன. உபரி என்று வந்து நின்றது இதுதான்!

உழவனின் விளைச்சல் பெருகவில்லை. நெசவாளியின் கூலி ஏறவில்லை. கணக்கு மட்டும் கொழுத்தது. இதை அரசே அச்சடித்துக் கொடுத்த ஏடுகளிலிருந்து, அரசின் முகத்துக்கு நேரே நிறுவினாரே, அந்தத் துணிவு என்னை விடமாட்டேன் என்கிறது.

மார்ச் 3

அக்கா இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

மார்ச் 4

ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்தன. எல்லா எண்களும் எல்லைக்குள் இருக்கின்றனவாம். மருத்துவர் முகம் மலர்ந்து சொல்லிவிட்டுப் போனார். அக்காவால் கழிப்பறை வரை நடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

மக்களின் நிலைக்கும் நிதியின் நிலைக்கும் பொருத்தமே இல்லை என்று கோகலே சொன்னதை இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். மருத்துவரிடம் சண்டை போட வேண்டும்போல இருந்தது. போடவில்லை.

மார்ச் 5

கஞ்சியில் உப்புக் கூடாது. "ஒரு கல் போட்டால் என்னடா ஆகிவிடும் தம்பி?" என்று கேட்கிறாள்.

மார்ச் 7

மணங்கு என்பது 37 கிலோவுக்குச் சற்று அதிகம். ரூபாய்க்குப் பதினாறு அணா. இரண்டரை ரூபாய் என்றால் கிலோவுக்கு ஓர் அணாவுக்கு மேல் வரி மட்டும். ஓர் அணாவை எண்ணிச் செலவழித்த வீடுகள் அவை. 1888க்குப் பிறகு மக்கள் உப்பு வாங்குவதே குறைந்துவிட்டது என்று அரசின் புள்ளிவிவரத்தையே எடுத்துக் காட்டுகிறார் கோகலே. யாரும் விரும்பியா உப்பைக் குறைத்தார்கள்? மாட்டுக்கும் வேண்டும், மனிதனுக்கும் வேண்டும். எட்டணா குறையுங்கள் என்று கேட்டார். வருமான வரி விலக்கு வரம்பை 500 ரூபாயிலிருந்து 1,000 ஆக்குங்கள் என்று கேட்டார். துணி வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்.

மார்ச் 8

அத்தான் சாப்பாடு கொண்டுவந்தார். நான் படிப்பதைப் பார்த்துவிட்டு, "ஓட்டே போட முடியாத சபையில் பேசி என்ன பயன்?" என்றார்.

நியாயமான கேள்வி. 1892 சட்டத்தின்படி உறுப்பினர்கள் பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம்; தீர்மானம் கொண்டுவர முடியாது, ஓட்டெடுப்பும் கிடையாது. 1909 சீர்திருத்தம் வரும்வரை அதே கதைதான். ஆண்டு முழுதும் காத்திருந்து மார்ச் கடைசியில் பேச வேண்டும். அதற்காக கோகலே பட்ட பாட்டை அத்தானுக்குச் சொன்னேன். கணக்கு ஏடுகளைப் பொருளியல் அறிஞர் கணேஷ் வெங்கடேஷ் ஜோஷிக்கு அனுப்பி, எண்களைச் சரிபார்த்துத் தரும்படி கெஞ்சிக் கடிதம் எழுதியவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்கணிதப் பாடநூல் எழுதியவர். ஓர் எண் தவறினால் மொத்த வாதமும் சரிந்துவிடும் என்று தெரிந்தவர். ஓட்டு இல்லாதவனுக்குப் பிழையில்லாத கணக்கைத் தவிர வேறு என்ன ஆயுதம் இருக்கிறது?

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. காலி டிபன் கேரியரைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 9

அத்தானிடம் சொல்ல விட்டுப்போனது. 1903இல் உப்பு வரி இரண்டு ரூபாய் ஆனது. வருமான வரி விலக்கும் 1,000 ஆனது. 1905இல் உப்பு ஒன்றரை ரூபாய். 1907இல் ஒரு ரூபாய். கோகலே ஒருவர் பேச்சால் மட்டுமே நடந்தது என்று சொல்லமாட்டேன். உபரியைக் கையில் வைத்துக்கொண்டு மறுப்பது அரசுக்கும் கடினமாகிவிட்டது. ஆனால் விடாமல் கேட்டார். குறைத்தபோது நன்றி சொல்லிவிட்டு, இன்னும் குறையுங்கள் என்றார். வரி இறங்கியதும் உப்பு அதிகம் விற்றதைக் காட்டி மறுபடி கேட்டார்.

மார்ச் 12

இரவு மூச்சுத் திணறல். விடியும்வரை எதையும் படிக்கவில்லை.

மார்ச் 14

மூச்சு சீராக இருக்கிறது. தேதி சொல்லவில்லை.

கோகலேக்கு நீரிழிவு. 1915 பிப்ரவரியில் இறந்தபோது வயது 48. அந்த உடம்போடுதான் ராணுவச் செலவை ஆண்டுதோறும் எதிர்த்தார்; அந்தப் பணத்தைப் பள்ளிகளுக்குக் கொடுங்கள் என்றார். கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவை 1911இல் கொண்டுவந்தார். 1912 மார்ச்சில் 13க்கு எதிராக 38 ஓட்டுகளில் தோற்றது. உறுப்பினர்களுக்குச் சபையில் ஓட்டுரிமை வந்த பிறகு கிடைத்தது இந்தத் தோல்வி. இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

மார்ச் 16

கோபம் அடங்கவில்லை. 1923இல் உப்பு வரியை ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரையாக்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இருந்த மத்தியச் சட்டசபை அதை நிராகரித்தது. அரசப் பிரதிநிதி ரீடிங் தம் தனி அதிகாரத்தால் சான்றளித்து நிறைவேற்றினார். 1902இல் கோகலே எழுந்து நின்றபோது இருந்த அதே இரண்டரை ரூபாய்! அடுத்த ஆண்டே மீண்டும் ஒன்றேகாலுக்கு இறக்க நேர்ந்தது என்பது உண்மைதான். என்றாலும் அந்த ஓராண்டு உப்பு வாங்கிய ஏழைக்கு யார் பதில் சொல்வது? கோகலே உயிரோடு இருந்திருந்தால் அன்று என்ன பேசியிருப்பார் என்று மாலை முழுவதும் யோசித்தேன்.

அக்கா கேட்டாள், "யாரைத் திட்டிக்கொண்டிருக்கிறாய்?"

மார்ச் 17

நாளைக் காலை ஏழரைக்கு என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். ரத்தம் கேட்டிருக்கிறார்கள், அத்தான் அதற்காகப் போயிருக்கிறார். 1906 உரையை இன்னும் தொடங்கவில்லை.