தண்ணீர் பிடிக்க எழும் நேரமும் லூசிட் ட்ரீமிங்கும்

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவுதான்" என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடுவதுதான் லூசிட் ட்ரீமிங். இதைப் பழக நினைக்கிறவர்கள் முதலில் தயங்குவது ஒரே இடத்தில்: அதிகாலையில் ஒருமுறை எழுந்து, திரும்பவும் படுக்க வேண்டும். வடசென்னையில் பல வீடுகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மெட்ரோ வாட்டர் வரும் நேரம் பார்த்து நாலு மணிக்கு எழுந்து, கைப்பம்பில் குடங்களை நிரப்பிவிட்டு மறுபடி படுக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படிப் படுக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

காரணம் எளிது. தூக்கம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக வருகிறது. காட்சி துலக்கமான கனவுகள் பெரும்பாலும் ரெம் உறக்கத்தில், அதாவது மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டத்தில் வருகின்றன. முதல் சுற்றில் ரெம் சில நிமிடங்களே இருக்கும். விடியலை நெருங்கும் சுற்றுகளில் அரை மணி நேரம்வரைகூட நீளும். ராத்திரி பத்தரைக்குப் படுக்கும்போதே முயற்சி செய்கிறவர்கள் சலித்துப்போவது இதனால்தான்; அப்போது வருவது ஆழ்ந்த உறக்கம்.

ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போகாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் கனவை நினைவில் வைப்பது மட்டுமே வேலை. கண் விழித்ததும் புரண்டு படுக்காமல், போனைத் தொடாமல், விழித்த நிலையிலேயே ஒரு நிமிடம் கிடந்து கடைசிக் காட்சியைப் பிடியுங்கள். அதிலிருந்து பின்னோக்கிப் போனால் முந்தைய காட்சிகள் வரும். தலையணைக்கு அடியில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். ஒரே ஹாலில் எல்லோரும் படுக்கும் வீட்டில் போனில் பேசிப் பதிவு செய்வது சரிவராது, திரை வெளிச்சமும் தூக்கத்தைக் கலைக்கும். இடம், ஆள், வினோதம் என்று நாலைந்து சொற்கள் எழுதினால் போதும். மீதியைக் காலையில் நிரப்பிக்கொள்ளலாம். ராத்திரிக்கு ஒரு கனவாவது தவறாமல் பதிவாகத் தொடங்கிய பிறகே அடுத்த படி. நினைவில் நிற்காத கனவில் விழிப்பு வந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

நோட்டைத் திரும்பப் படித்தால் அடிக்கடி வரும் விஷயங்கள் கண்ணில் படும். இறந்துபோன தாத்தா, இடிக்கப்பட்ட பழைய வீடு, முடித்து எத்தனையோ வருடமான பரீட்சை. இவை கனவின் அடையாளங்கள். பின்னால் இவைதான் உதவும்.

பகலில் செய்ய வேண்டியது, இது கனவா நிஜமா என்ற சோதனை. பகலில் பழகினால் கனவிலும் அதைச் செய்யத் தோன்றும். மூக்கை விரலால் முழுசாகப் பொத்தி, வாயை மூடி, மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். கனவென்றால் மூச்சு போகும். இரண்டாவது, எழுத்து. ராயபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும் வண்டியின் எண்ணையும் ஊர்ப் பெயரையும் படியுங்கள். பார்வையைத் திருப்பி மறுபடி படியுங்கள். கனவில் பெரும்பாலும் எழுத்து மாறிவிடும். லைட் சுவிட்சைப் போட்டுப் பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள். கரண்ட் அடிக்கடி போகும் தெருவில் அதை நம்ப வேண்டாம். ஒரே சோதனை சில சமயம் ஏமாற்றும், ஆகவே எப்போதும் இரண்டு. ஒரு நாளைக்குப் பத்து முறை போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் "இங்கே எப்படி வந்தேன், பத்து நிமிடம் முன்னால் எங்கே இருந்தேன்" என்று நிஜமாகவே சந்தேகப்பட வேண்டும். பழக்க தோஷத்தில் மூக்கைப் பொத்துகிறவர்கள் கனவிலும் அப்படியே பொத்தி, மூச்சு போவதைக் கவனிக்காமல் நடந்துவிடுவார்கள்.

இனி விடிகாலை. பத்தரைக்குப் படுத்திருந்தால் மூன்றரை, நாலு மணி என்பது ஐந்து, ஐந்தரை மணி நேரம்; சரியான இடைவெளி. தண்ணீர் வேலை முடிந்ததும் டீ வேண்டாம், டியூப்லைட் வேண்டாம், போன் கூடவே கூடாது. மொத்தம் இருபது, முப்பது நிமிடம் விழித்திருந்தால் போதும். பாயில் படுத்து, கடைசியாக வந்த கனவை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அதில் வினோதமான இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே நீங்கள் நின்று "அட, இது கனவு" என்று கண்டுகொள்வதாக மனக்கண்ணில் ஓட்டுங்கள். கூடவே, "அடுத்து கனவு காணும்போது, கனவு காண்கிறேன் என்று எனக்கு ஞாபகம் வரும்" என்று பொருளுணர்ந்து சொல்லிக்கொள்ளுங்கள். மனம் வேறெங்காவது ஓடினால் திரும்ப அழைத்துவந்து தொடருங்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் உருவாக்கிய இந்த முறைக்கு மைல்ட் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டென்ஹோம் ஆஸ்பி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனை, விடிகாலை விழிப்பு, மைல்ட் மூன்றையும் ஒரு வாரம் சேர்த்துச் செய்தவர்களுக்கு, முயன்ற இரவுகளில் ஏறக்குறைய 17 சதவீதத்தில் வெற்றி. மைல்ட் முடித்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிப்போன முயற்சிகளிலோ ஏறக்குறைய 46 சதவீதம். சீக்கிரம் தூங்கிவிடுவது அவ்வளவு முக்கியம். படுத்து வெகுநேரம் தூக்கம் வராவிட்டால் அடுத்த முறை விழித்திருக்கும் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறையுங்கள். தலை சாய்த்ததும் வாக்கியம் பாதியில் அறுந்துபோனால் கூட்டுங்கள். கொசுவுக்கு வலையை முன்னிரவிலேயே கட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் கொசு அடித்துக்கொண்டிருந்தால் தூக்கம் போனது போனதுதான்.

முதல்முறை கனவு என்று தெரிந்ததும் வரும் பரவசத்திலேயே பலர் விழித்துவிடுகிறார்கள். பறக்க அவசரப்படாதீர்கள். கனவுக் கைகள் இரண்டையும் உரசுங்கள், சுவரைத் தடவுங்கள், காலடித் தரையின் சூட்டைக் கவனியுங்கள். ஒரே புள்ளியை உற்றுப் பார்த்தால் காட்சி கரைந்துவிடும். காட்சி மங்கினால் நின்ற இடத்தில் சுழலுங்கள். முதலில் அரை நிமிடம் கிடைத்தாலே நல்ல தொடக்கம். விழித்துவிட்டதாகத் தோன்றினாலும் மூக்கைப் பொத்திப் பாருங்கள். எழுந்து பல் தேய்ப்பதுபோல வரும் போலி விழிப்பு மிகச் சாதாரணம்.

இன்னொன்று, அமுக்குவான் பேய் என்று பெரியவர்கள் சொல்லும் நிலை. ரெம்மில் கண்ணும் மூச்சுத் தசையும் தவிர மற்றத் தசைகள் செயலற்றிருக்கும். அது விலகுவதற்குள் மூளை விழித்தால் கையைக் காலை அசைக்க முடியாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். ஆபத்தில்லை. மூச்சை நிதானமாக விட்டு, விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள். சற்று நேரத்தில் விலகிவிடும்.

வாரத்துக்கு இரண்டு விடிகாலைக்கு மேல் வேண்டாம், அதுவும் மறுநாள் லீவாக இருந்தால் நல்லது. மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட் மாறிமாறிப் போகிறவர்கள் நைட் ஷிப்ட் வாரத்தில் கனவு நோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முழுத் தூக்கம்தான் முதல் கணக்கு. குடித்த இரவில் ரெம் குறையும், முயற்சி வீண். மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், நிஜம் எது கனவு எது என்று பகலிலேயே குழப்பம் வருகிறவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். சில மனச்சோர்வு மாத்திரைகள் ரெம்மைக் குறைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.