இடது பக்கம் மேல

ஜூன் 8, 2022

கேண்டீன்ல இன்னிக்கு பூரா இதே பேச்சுதான். ஷா ஆலம்ல வருஷா வருஷம் நடக்குற ஜப்பான் டான்ஸ் விழா போன் ஒடோரி, அதுக்கு முஸ்லிம்கள் போக வேணாம், அதுல வேற சமயத்து அம்சம் இருக்குன்னு மலேசியாவோட சமய விவகார அமைச்சர் சொல்லிட்டாராம். எங்க செக்‌ஷன்ல ஆடறதுக்குப் பேர் குடுத்தது பன்னெண்டு பேர், அதுல ஏழு பேர் மலாய்க்காரப் பொண்ணுங்க. யாரும் வாயத் திறக்கல, தட்டப் பார்த்து சாப்பிட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. கோவிட்ல ரெண்டு வருஷம் நின்னுபோயி இப்பதான் திரும்ப வருது, அதுக்குள்ள இது.

பாட்டியோட கால் விரல் இன்னும் கறுப்பாதான் இருக்கு.

ஜூன் 10

சிலாங்கூர் சுல்தான் சொல்லிட்டாரு. நடக்கும். அமைச்சரே வந்து பார்க்கட்டும், சமயம் எது கலாச்சாரம் எதுன்னு தெரியும்னு சொல்லிட்டாரு. எங்க லைன் லீடர், நாங்க காக்னு கூப்பிடுற மலாய் அக்கா, காலைல வந்தவுடனே என் தோள்ல ஒரு அடி போட்டாங்க, அவ்ளோதான் பேச்சு.

ஜூன் 18

முதல் பிராக்டிஸ். எங்க ஜப்பான் மேனேஜர் வீட்டம்மாதான் சொல்லித் தர்றாங்க. பாதி மலாய் பாதி இங்கிலீஷ், மீதி கைஜாடை. நாலு பாட்டு, அதுல ஒண்ணு நிலக்கரிச் சுரங்கத்துப் பாட்டு, கியூஷூ பக்கமாம். ரொம்ப சுலபம், யாரு வேணா ஆடலாம்னாங்க. வலது பக்கம் ரெண்டு தடவ தோண்டணும், இடது பக்கம் ரெண்டு தடவ தோண்டணும், மூட்டைய தோளுக்கு மேல வீசணும், ரெண்டு தடவ வீசணும், அப்புறம் திரும்பி நெலாவப் பார்க்கணும், அப்புறம் வண்டியத் தள்ளணும் தள்ளணும், கைய விரிச்சு ஒரு தட்டு. திரும்ப முதல்லேர்ந்து.

எல்லாரும் சிரிச்சுக்கிட்டு ஆடுறாங்க, நானும்தான். தோண்டு தோண்டு, தூக்கு தூக்கு, தள்ளு தள்ளு. மூணாவது சுத்துல எனக்கு கை ஓடல. தண்ணி குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு வெளிய போயி நின்னுட்டேன்.

ஜூன் 19

மாமாகிட்ட சொல்லலாமான்னு யோசிச்சேன். சொல்லல. இந்த ஜப்பான் கம்பெனில சேர்ந்து ஆறு வருஷமாச்சு, பாட்டிய பொறுத்த வரைக்கும் எங்க முதலாளி ஒரு சீனவன். சேர்ந்த அன்னிக்கு "யாரு தொர?"ன்னு கேட்டாங்க, என் வாயில சட்டுன்னு வந்தது அதுதான், அப்புறம் மாத்த முடியல.

ஜூன் 25

சைனா கடையில மரவள்ளிக் கிழங்கு நல்லா இருந்துச்சு, வாங்கப் போயி அப்படியே வெச்சுட்டு வந்தேன். எங்க வீட்டுக்குள்ள அது வரக்கூடாது. ஜப்பான்காரன் காலத்துல மூணு வருஷம் அதத் தின்னது போதும்பாங்க பாட்டி. சின்ன வயசுல எனக்கு அது ஏதோ பாட்டியோட பிடிவாதம்னு நெனப்பு. நாங்க ஸ்கூல் கேண்டீன்ல ஒளிச்சு கிழங்கு கேக்கு தின்போம்.

ஜூலை 3

இன்னிக்கு டான்ஸுக்குப் போடுற ஜப்பான் உடுப்பு, யுகாத்தா, கட்டிப் பார்த்தோம். நான் பொடவ கட்டுற நெனப்புல வலது பக்கத்த மேல போட்டுட்டேன், அந்தம்மா பதறிப்போயி ஓடி வந்து பிரிச்சுட்டாங்க. இடது பக்கம்தான் மேல வரணும். வலது மேல வந்தா அது செத்தவங்களுக்கு உடுத்துறது. ரெண்டு மூணு தடவ சாரி சொன்னாங்க, தப்பு பண்ணது நான், சாரி சொன்னது அவங்க.

அப்புறம் டீ குடிக்கும்போது நானாதான் கேட்டேன், போன் ஒடோரில வர்ற 'போன்'னா என்னன்னு. ஆகஸ்ட்ல நாலு நாள் முன்னோருங்க வீட்டுக்கு வருவாங்களாம், சில ஊர்ல ஜூலையிலயே. வெள்ளரிக்காய்க்கு நாலு குச்சி குத்தி குதிரை, கத்தரிக்காய்க்கு குச்சி குத்தி மாடு. வர்றப்போ சீக்கிரம் வரணும்னு குதிரை, போறப்போ மெதுவா போகணும்னு மாடு. சொல்லிட்டு உடனே, அதெல்லாம் அங்க, ஷா ஆலம்ல வெறும் டான்ஸு, 1977-லேர்ந்து இங்க பொறந்து வளர்ற ஜப்பான் புள்ளைங்களுக்காக ஆரம்பிச்சது, நீங்க பயப்படாதீங்கன்னாங்க. பாவம், அமைச்சர் சொன்னத நெனச்சு நான் கேட்டேன்னு நெனச்சுட்டாங்க.

எங்க பூட்டன், அதான் பாட்டியோட அப்பா, எப்ப செத்தாருன்னு யாருக்கும் தெரியாது. தேதி தெரியாதவங்களுக்கு ஆடி அமாவாசைதான். பாட்டி வருஷா வருஷம் அதுக்குத்தான் படைக்கிறாங்க, ஒரு வேட்டி, சுருட்டு, கருவாட்டுக் கொழம்பு. அவருக்கு என்ன வாகனம்னு நாங்க யோசிச்சதே இல்ல.

ஜூலை 5

பாட்டிக்கு சக்கர 17-க்கு ஏறிடுச்சு. இன்சுலின் கூட்டிட்டாங்க.

ஜூலை 9

தூக்கம் வரல. மணி ரெண்டு.

ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை, 415 கிலோமீட்டர். சயாம்லேர்ந்து, அதான் இப்ப தாய்லாந்து, பர்மா வரைக்கும். 1942-ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல தண்டவாளம் சேர்ந்துடுச்சு. காட்ட வெட்டி, மலையக் குடைஞ்சு, கையால. வெள்ளைக்காரக் கைதிங்களுக்குத் தாய்லாந்து பக்கம் காஞ்சனபுரில வரிசையா கல்லு நட்டு, பேரு போட்டு, புல்லு வெட்டி வெச்சிருக்காங்க, போட்டோல பார்த்தாலே அழகா இருக்கு. தோட்டத்துலேர்ந்து போன நம்ம ஆளுங்களுக்கு பேரும் இல்ல கல்லும் இல்ல. வாந்திபேதி வந்தா மொத்தமா ஒரே குழியில போட்டிருக்காங்க. பாட்டிக்கு அப்ப ஆறு வயசு. மூணு மாச வேலைன்னு சொல்லி தோட்ட ஆபீஸ் கிளார்க், கிராணி, பேர எழுதிக்கிட்டுப் போனானாம், லாரி வந்துச்சாம், அப்பா லாரிலேர்ந்து கை காட்டினது கூட ஞாபகம் இல்ல, அவரு இடுப்புல கட்டியிருந்த துண்டு செவப்பு, அது மட்டும்தான் ஞாபகம்பாங்க.

இதெல்லாம் அந்தம்மாவுக்குத் தெரியுமான்னு நான் கேக்கப் போறதில்ல. அவங்க பொறந்ததே 1970-லயோ என்னவோ. எனக்கு பிறந்தநாளுக்கு கேக்கு செஞ்சு கொண்டு வந்தவங்க. கோவிட் அப்போ பாட்டிக்குன்னு சொல்லி மாஸ்க் ரெண்டு பொட்டி குடுத்தாங்க, அந்த மாஸ்க்கத்தான் பாட்டி போட்டுக்கிட்டு கிலினிக் போனாங்க. சீனத் தொர குடுத்ததுன்னு சொன்னேன்.

ஜூலை 10

ஹரி ராயா ஹாஜி, பக்ரீத். காக் வீட்டுலேர்ந்து ரெண்டாங் கறி பார்சல். ஆட்டுக்கறி, தெரிஞ்சேதான் மாட்டுக்கறி வைக்கல.

ஜூலை 15

நாளைக்கு போறேனா இல்லயா.

ஜூலை 16

போனேன். கிள்ளான்லேர்ந்து ஃபெடரல் ஹைவேல கார் நகரவே இல்ல, கடைசில எங்கயோ நிறுத்திட்டு யுகாத்தாவோட அரை மணி நேரம் நடை, செருப்பு வேற கட்டைச் செருப்பு. இவ்ளோ கூட்டத்த நான் தைப்பூசத்துக்கு அப்புறம் இங்கதான் பார்க்கறேன். தலைல தூடோங் துணி போட்ட மலாய்ப் பொண்ணுங்க அதுக்கு மேட்ச்சா யுகாத்தா, சீனப் பசங்க, நம்ம பசங்க அனிமே வேஷத்துல வாள வெச்சுக்கிட்டு. போக வேணாம்னு சொன்னதாலயே பாதிப் பேர் வந்திருப்பாங்க போல. சாப்பாட்டுக் கடைல எல்லாம் லைனு, நாங்க போறதுக்குள்ள தக்கோயாக்கி, அந்த ஜப்பான் உருண்டைப் பலகாரம், முடிஞ்சுபோச்சு.

நடுவுல உயரமா மேடை, அதுக்கு மேல மேளம். அடி விழுந்தா வயித்துக்குள்ள கேக்குது. எங்கூரு உருமி மேளம் வேற மாதிரி, ஆனா அதே எடத்துலதான் அடிக்குது.

நிலக்கரிப் பாட்டு வந்துச்சு. ஆடினேன். அந்தம்மா எனக்கு முன்னாடி, காக் பின்னாடி. தோண்டு தோண்டு. தூக்கு தூக்கு. நெலாவப் பாருங்கற எடத்துல எல்லாரும் கண்ணுக்கு மேல கைய வெச்சு ஒரே பக்கம் திரும்புறோம், அத்தனை ஆயிரம் பேரும். அந்தப் பக்கம் ஃபிளட் லைட்டுதான் இருந்துச்சு. எனக்கு அழுகை வரும்னு நெனச்சேன், வரல, சந்தோஷமாதான் இருந்துச்சு, அதுதான் பிரச்சனையே.

ஜூலை 17

அம்பதாயிரம் பேருக்கு மேலன்னு நியூஸ்ல. கணுக்கால் வலி.

ஜூலை 20

மாமா பொண்ணு என் போட்டோவ பாட்டிகிட்ட காட்டிட்டா. நான் வேலையிலேர்ந்து வந்தப்போ பாட்டி போன கண்ணுகிட்ட வெச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. இது ஜப்பான்காரன் உடுப்புதானேன்னாங்க. ஆமாம்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. நான் காலுக்கு மருந்து போட உக்காந்தேன்.

"சோறு போட்டானா?"

போட்டாங்க பாட்டின்னேன். தலைய ஆட்டிக்கிட்டாங்க. அப்புறம் கொஞ்சம் கழிச்சு என் கையப் புடிச்சு, "மூணு மாசம்னு சொல்லுவான். பேரு குடுக்காத."

எந்த வருஷத்துல இருந்து பேசுறாங்கன்னு எனக்குத் தெரியல. குடுக்கலன்னு சொன்னேன்.

ஜூலை 21

சீனத் தொர பத்தி இன்னும் கேக்கல.

ஜூலை 28

ஆடி அமாவாசை. லீவு போட்டேன். வேட்டி, சுருட்டு, கருவாட்டுக் கொழம்பு. பாட்டிய நாற்காலில உக்கார வெச்சு தூக்கிட்டு வந்தோம். நேத்து பசாருல ஒரு வெள்ளரிக்காய் வாங்கி வெச்சிருந்தேன், யாருக்கும் சொல்லல, காலைல பார்த்தா அத்தை அத நறுக்கி பச்சடி பண்ணிட்டாங்க. பச்சடியவே எலையில வெச்சோம்.

டாக்டர் விரல எடுக்கணுமா வேணாமான்னு திங்கக்கெழம சொல்றேன்னிருக்காரு.

ஜூலை 31

நாளைக்கு எட்டு மணிக்கு அப்பாயின்மென்ட். வீல் சேர் மாமா கார்ல ஏறுமான்னு பார்க்கணும்.