இழுவை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கையில் ஏழு இடத்தில் தோல் உரிந்திருக்கிறது. நல்ல சட்டை ஒன்று இனி எண்ணெய் துடைக்கத்தான் ஆகும். இத்தனைக்கும் காரணம் எதுவென்று நேற்று மாலை தெரிந்ததிலிருந்து நானும் அப்பாவும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை. பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

நம் டீசல் சுமை வண்டியைத்தான் தெரியுமே. சுமை ஏற்றினால் முனகும், ஏற்றாவிட்டாலும் முனகும். மேட்டில் இரண்டாவது கியரைத் தாண்டினால் அழுதுவிடும். ஒருமுறை மிதிவண்டிக்காரர் ஒருவர் எங்களை முந்திப் போகும்போது, துக்கம் விசாரிக்க வந்தவர்போலத் திரும்பிப் பார்த்தார். இழுவை போய்விட்டது, வயதாகிவிட்டது என்று நாங்களே முடிவுகட்டி விட்டுவிட்டோம்.

இந்த முறை நானே சரிசெய்வதென்று இறங்கினேன். மச்சானிடம் யோசனை கேட்பதில்லை என்பது முதல் தீர்மானம். அவர் பேச்சைக் கேட்டுத்தான் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். வண்டி கம்பீரமாகப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டது உண்மை. ஆனால் பின்னச்சுக்கு மேலே ஒரு பிரேக் வால்வு உட்கார்ந்திருக்கிறது. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துச் சுமையை எடைபோட்டு, அதற்கேற்பப் பின்சக்கரங்களுக்கு பிரேக் கொடுப்பது அதன் வேலை. பட்டை சேர்த்த பிறகு, முழுச் சுமை ஏற்றியும் அது வண்டி காலியென்றே நம்பியது. பிரேக்கைக் கஞ்சன் எண்ணெய் ஊற்றுவதுபோல ஊற்றியது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு வண்டி நீளம் போய் நின்றேன்.

பெரிய டயர் மாட்டச் சொன்னதும் அவரேதான். மீட்டர் 50 காட்டியபோது வண்டி 54-இல் போனது. மச்சானுக்குப் பெருமை பிடிபடவில்லை. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும், அந்தக் கூடுதலை மேட்டில் இஞ்சின்தான் சுமக்க வேண்டும் என்பதை யார் அவருக்குச் சொல்வது? பட்டையும் டயரும் இப்போது கொட்டகையில் கிடக்கின்றன. வீட்டுக்கு வந்தால் அவர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

முதல் ஞாயிறு காற்று பில்டரை மாற்றினேன். பலனில்லை. இரண்டாம் ஞாயிறு டீசல் பில்டர். மாற்றுவது பத்து நிமிட வேலை. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் தவம். போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திக் கை பம்பை அழுத்தினால் முதலில் நுரை பொங்கும், பிறகு பெரிய குமிழிகள், பிறகு அவசரமில்லாமல் ஒன்றிரண்டு. ‘முடிந்தது’ என்று நினைக்கும் நேரத்தில் இன்னொன்று வந்து கண் சிமிட்டும். கட்டைவிரல் மரத்துப்போன பிறகு இஞ்சின் ஓடியது. இழுவை மட்டும் வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு, அதாவது நேற்று, டேப்பட்: வால்வுக்கும் அதைத் தள்ளும் உறுப்புக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி. இஞ்சின் ஆறியிருக்கும்போது 0.25 மில்லிமீட்டர் தகட்டை இடைவெளியில் நுழைத்து, எண்ணெயில் நனைந்த காகிதத்தை உருவுவதுபோல லேசான பிடிப்போடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். மொத்தம் எட்டு வால்வுகள். மூன்று ஞாயிறும் எனக்கு டார்ச் விளக்குப் பிடித்தவர் அப்பாதான். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முடித்துவிட்டு, பானட்டுக்குள் நின்று, ஆக்சிலேட்டரை மிதித்தால் நகரும் டீசல் பம்பின் லீவரைக் கையால் இழுத்தேன். இஞ்சின் அப்படி ஒரு முழக்கம் முழங்கியது! ஓட்டிப் பார்த்தால் பழைய முனகல். கையால் இழுத்தால் வருவது காலால் மிதித்தால் ஏன் வரவில்லை? மனைவியை இருக்கையில் உட்காரவைத்து ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொன்னேன். லீவர், போய்த் தொட வேண்டிய திருகுக்கு இரண்டு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

“இன்னும் மிதி.”

“இதற்கு மேல் போகவில்லைங்க. கீழே ஏதோ தட்டுகிறது.”

தரைவிரிப்பைத் தூக்கினோம். பழைய டயரிலிருந்து அறுத்த ரப்பர் கட்டை ஒன்று, மிதிக்கு நேர் கீழே, வாஷர் எல்லாம் போட்டு போல்ட்டால் முடுக்கப்பட்டிருந்தது. இந்த வண்டியில் ஒருநாளும் தளராத போல்ட் அது ஒன்றுதான்.

அப்பா டார்ச்சை அணைத்தார்.

“நீ ஓட்டப் பழகியபோது வைத்தேன். வேகமாகப் போய்விடுவாயே என்று.”

“அது 18 வருடத்துக்கு முன்னால் அப்பா!”

“எடுக்கச் சொல்லி நீ கேட்கவில்லையே.”

மேட்டில்கூடக் கரும்புகை விடாத வண்டி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். முழு டீசல் போனால்தானே புகை வர! அம்மாவுக்கு இந்த ரகசியம் தெரியுமா என்று கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கட்டையைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். அவர் இரண்டு கையாலும் பிடியைப் பற்றிக்கொண்டார். மூன்றாவது கியர். வண்டி முனகியது. என்னடா இது என்று குனிந்து பார்த்தேன். மிதிக்குக் கீழே இரண்டு விரல் இடம் காலியாக இருந்தது. கால் மட்டும் பழைய இடத்திலேயே நின்றிருந்தது.