பின்தகட்டில் ஒரு கரும்புள்ளி: நைட்ரோ ஹெலிகாப்டர் நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 4, ஞாயிறு

கோயம்புத்தூர் பக்கத்துக் கிணத்துக்கடவுக்கு அருகே நாங்கள் வழக்கமாகப் பறக்கவிடும் தரிசு நிலத்தில் இன்று இரண்டே முறை பறக்கவிட்டேன். இரண்டாவது முறை என்ஜினையே இழந்திருப்பேன். என்னுடையது ரிமோட்டில் இயக்கும் 50 வகை மாதிரி ஹெலிகாப்டர். என்ஜின் ஏறத்தாழ 8.2 சிசி, எரிபொருளில் 15 சதவீதம் நைட்ரோமீத்தேன், மீதியில் பெரும்பகுதி மெத்தனால், அதோடு ஆமணக்கெண்ணெய் கலந்த மசகெண்ணெய்.

நேற்றிரவு என்ஜினை நன்றாகத் துடைத்து வைத்தேன். ஓராண்டாக ஆமணக்கெண்ணெய் கருகிப் படிந்திருந்த பழுப்பு நிறப் படலத்தை, என்ஜினின் அடியறையைப் பின்புறம் மூடும் பின்தகட்டின் மேலிருந்து ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷும் கொண்டு தேய்த்து எடுத்ததில், அலுமினியம் புதிதுபோல மின்னியது. காலையில் முதல் முறை இறக்கியதும், வழக்கம்போல் அகச்சிவப்பு வெப்பமானியைப் பின்தகட்டுக்கு நேரே பிடித்தேன். இதுவரை 61, 62 என்று காட்டி வந்த கருவி, இன்று 47 டிகிரி செல்சியஸ் என்றது. என்ஜின் இவ்வளவு குளிர்ந்திருப்பதால் எரிபொருள் அளவுக்கு மேல் போகிறது, வலிமை வீணாகிறது என்று நானே முடிவு செய்துகொண்டு, எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகான பிரதான நீடிலை, எரிபொருள் குறையும்படி நான்கு கிளிக் உள்ளே திருகினேன்.

இரண்டாவது முறை செங்குத்தாக ஏற்றியபோது ரோட்டரின் ஓசை தளர்ந்தது. வால்போல் எப்போதும் தொடரும் வெண்புகை மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் போயிற்று. உடனே இறக்கி, த்ராட்டில் ஹோல்டில் (ரோட்டருக்கு விசை போகாமல் த்ராட்டிலைப் பூட்டும் சுவிட்ச்) போட்டு, இறக்கைகள் முழுமையாக நிற்கும் வரை காத்திருந்து வெப்பமானியைப் பிடித்தேன். 52! பழைய கணக்குப்படி அதுவும் குறைவான சூடுதான். இன்னும் இரண்டு கிளிக் திருகலாமா என்றுகூட யோசித்தேன். அருகில் நின்றிருந்த அண்ணன், முப்பது ஆண்டு மோட்டார் ரீவைண்டிங் செய்தவர், ஒன்றுதான் கேட்டார்: "விரல வெச்சுப் பாத்தீங்களா தம்பி?" சறுக்குக்கால்களுக்கு இடையே கையை நுழைத்துப் பின்தகட்டில் விரலை வைத்தேன், ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் எடுத்துவிட்டேன். நுனி இப்போதும் எரிகிறது.

பிப்ரவரி 5, திங்கள்

வெப்பமானியைக் குறை சொல்ல முடியாது. அது உலோகத்தின் சூட்டை நேரடியாக அளப்பதில்லை. அந்தப் பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. மலிவான கருவிகளில் இந்தக் கணக்கு, பரப்பு கதிரை வெளிவிடும் திறன் 0.95 என்ற நிலையான மதிப்பை வைத்துப் போடப்படுகிறது. கறுப்பு வண்ணம், ரப்பர், மனிதத் தோல் ஆகியவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். மின்னும் அலுமினியமோ அதில் சிறு பங்கைத்தான் வெளிவிடும், மீதியில் சுற்றுப்புறத்தின் கதிரைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும். ஓராண்டாக எனக்கு ஏறக்குறைய சரியான எண்ணைத் தந்தது அந்தக் கருகிய எண்ணெய்ப் படலம். அதைத் துடைத்த கையோடு, 14 டிகிரியையும் துடைத்துவிட்டிருக்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் எழுதி வைக்கிறேன். நைட்ரோ கார் ஓட்டுபவர்கள் 200 முதல் 260 ஃபாரன்ஹீட் வரை, அதாவது ஏறத்தாழ 93 முதல் 127 செல்சியஸ் வரை என்று சொல்வது, எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கை ஒட்டிய சிலிண்டர் தலையின் சூட்டை. ஹெலிகாப்டரில் அந்தத் தலை விசிறிக் கூண்டுக்குள் மறைந்திருப்பதால், நாங்கள் பெரும்பாலும் கிராங்க் அறையின் பின்தகட்டைத்தான் பார்க்கிறோம். காரின் எண்ணைக் கொண்டுவந்து பின்தகட்டில் தேடுகிறவர், அந்த எண் கிடைப்பதற்குள் பிஸ்டனைக் கொன்றிருப்பார்.

மாலையில் புகைக்குழலைக் கழற்றி, வெளியேற்றுத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் பக்கவாட்டில் நீளவாக்கில் மயிரிழை போன்ற இரண்டு கோடுகள், நகத்தில் தட்டுப்படவில்லை. க்ளோ பிளக்கின் பிளாட்டினக் கம்பிச் சுருள் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்திருந்தது. அதை மட்டும் மாற்றினேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பைக் சைலன்சருக்கு அடிக்கும், சூடு தாங்கும் மங்கல் கறுப்பு வண்ணத்தை, பின்தகட்டின் நடுவே நாணய அளவுக்குப் பூசி இரண்டு நாள் காயவைத்திருந்தேன். நீடிலைப் பழைய இடத்துக்கு வெளியே திருப்பி, அதற்கு மேலும் இரண்டு கிளிக் திறந்து தொடங்கினேன். எரிபொருள் சற்றே மிகுந்திருந்தால் என்ஜின் குளிர்வதற்குக் காரணம் மெத்தனால்தான்: அது ஆவியாகும்போது பெட்ரோலைவிடப் பன்மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது, அதோடு, பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், மெத்தனாலுக்கு 6.4 பங்கே போதும் என்பதால், உள்ளே செல்லும் திரவத்தின் அளவும் அதிகம். குளிர்ச்சியும் மசகும் ஒரே குழாயில் வரும் என்ஜின் இது. எரிபொருளைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே குறையும்.

இன்று கண்டறிய விரும்பியது, எப்போது அளக்க வேண்டும் என்பதை. ஐந்து நிமிடம் பறந்து இறக்கிய பிறகு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எடுத்த அளவுகள் இவை: என்ஜின் நின்ற 30 வினாடியில் 65, ஒரு நிமிடத்தில் 69, இரண்டு நிமிடத்தில் 71, ஐந்தாவது நிமிடத்தில் 63. நின்ற பிறகு சூடு ஏறுவது முதலில் வியப்பாக இருந்தது. விசிறியும் நின்றுவிடுகிறது, சிலிண்டர் தலையில் தேங்கிய சூடு மெல்லக் கீழிறங்கிப் பின்தகடு வரை வருகிறது. பேச்சுக்கு இடையே கருவியைத் தேடி எடுத்து ஆளுக்கொரு நேரத்தில் அளந்துவிட்டு, "உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு" என்று நாங்கள் இத்தனை காலம் ஒப்பிட்டது எல்லாம் வெறும் பேச்சுதான். இனிமேல் 30 வினாடி, அதே கரும்புள்ளி, ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்து ஒரு சாண் தூரம். அந்தத் தூரத்தில் கருவி பார்க்கும் வட்டம் புள்ளிக்குள் அடங்கும். சிவப்பு லேசர் புள்ளி குறி பார்ப்பதற்கு மட்டுமே. மிக அருகில் பிடித்தால் அது ஓரிடத்திலும் அளவு வேறிடத்திலும் விழும்.

விரலையும் வைத்துப் பார்த்தேன். 65 டிகிரியில் நான்கு எண்ண முடிந்தது, ஐந்துக்குள் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளங்கை காய்த்துப்போன அண்ணன் ஏழு வரை சாவகாசமாக எண்ணினார். ஆகவே விரல் கணக்கையும் ஆளுக்கு ஆள் தனியாகத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

நீடில் சரியாக இருந்தும் சூடு நிலையாக இல்லை. மூன்று நிமிடத்தில் இறக்கினால் 64, 65. டாங்க் கிட்டத்தட்டக் காலியாகும் ஏழாவது நிமிடத்தில் இறக்கினால் 78. மூன்று முறை செய்தும் இதே போக்கு. காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் காற்றின் அடர்த்தி மாறுவதால் ஓரிரு கிளிக் வேறுபடும் என்பது தெரிந்ததே. ஒரே டாங்கில், நான்கு நிமிட இடைவெளியில் 13 டிகிரி ஏறுவதை வானிலையின் தலையில் கட்ட முடியாது. நீடில் முழு நேரத்துக்கும் ஒன்றுதான். டாங்கின் பிற்பாதியில் மட்டும் வேறு வழியாகக் காற்று நுழைகிறது.

பிப்ரவரி 20, செவ்வாய்

டாங்கைக் கழற்றினேன். உள்ளே எரிபொருளைத் தேடித் திரியும் சிலிகான் குழாயின் நுனியில் பித்தளை எடை இருக்கிறது. எடை எங்கே சாய்கிறதோ அங்கே குழாயும் சாயும். வாளித் தண்ணீரில் அந்தக் குழாயை மூழ்கடித்து, ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் சிரிஞ்சால் காற்றை அழுத்தினேன். டாங்கின் கழுத்துக்கு அருகே, குழாய் வளைந்து மடங்கும் இடத்திலிருந்து, கடுகளவுக் குமிழிகள் நூலில் கோத்ததுபோல வரிசையாக மேலேறின. வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல், டாங்க் நிறைந்திருக்கும் வரை எரிபொருளில் மூழ்கியிருப்பதால் தீங்கு செய்வதில்லை. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் எரிபொருளோடு காற்றையும் உறிஞ்சத் தொடங்குகிறது. குழாயின் விலை ஒரு டீயின் விலைகூட இல்லை. மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

மூன்றாவது நிமிடத்தில் 65. ஏழாவது நிமிடத்தில் 67. புகை கடைசி வரை தடித்தே வந்தது, ரோட்டரின் ஓசையிலும் தளர்வு இல்லை. புதிய க்ளோ பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது சுருள் ஈரமாகப் பளபளத்தது. நீடிலை ஒரு கிளிக் மட்டும் உள்ளே திருகி மீண்டும் பறக்கவிட்டேன். 69 காட்டியது, ஏற்றத்தில் சற்று வலிமை கூடியதும் தெரிந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அண்ணன் தம் ஹெலியைத் தலைகீழாகத் தூக்கி வந்து, பின்தகட்டைக் காட்டி, அந்தக் கறுப்பு வண்ணத்தில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.