நண்பகலில் இடம் மாறும் இஞ்சிப் பூக்கள்

சீனாவின் யுன்னான் மாகாணத்தின் தென்கோடியில், லாவோஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது சிஷுவாங்பன்னா. அங்கே மெங்லுன் என்ற ஊரில், ஆறு வளைந்து சூழ்ந்த நிலத்தில் 1959-இல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா உண்டு. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரப்பு. ஒரே நாளில் சுற்றி முடிக்க நினைத்தால் கால்தான் வலிக்கும். நான் போனது இஞ்சிக் குடும்பத்துக்காக மட்டும், அதிலும் ஆல்பினியா பூக்களுக்காக. நம்முடைய சித்தரத்தையும் பேரரத்தையும் இந்தப் பேரினம்தான்.

பூவைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முன்னால் விரிந்திருக்கும் அகன்ற உதடு உண்மையில் இதழே இல்லை. இரண்டு மகரந்தத்தாள்கள் உருமாறி ஒன்றாக ஒட்டியது. பூச்சி வந்து இறங்கும் மேடை அது. வேலை செய்கிற மகரந்தத்தாள் ஒன்றே ஒன்று, மேடைக்கு மேலே கவிந்து நிற்கிறது. அதன் இரு மகரந்தப்பைகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்துக்குள் சூல்தண்டு படுத்திருக்கிறது. நுனியில், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அசைவது அந்த நுனிப் பகுதிதான்.

காலையில் பக்கத்துப் பக்கத்துப் புதர்களில் இரண்டு விதமான பூக்கள் தெரிந்தன. ஒரு புதரில் சூல்முடி மகரந்தப்பைக்கு மேலே தூக்கி நின்றது, பை வெடித்து மகரந்தம் தயாராக இருந்தது. அடுத்த புதரில் சூல்முடி கீழே வளைந்து வழியை மறித்தது, பை இன்னும் மூடியே இருந்தது. பெரிய தச்சுத் தேனீ, அதாவது நம் ஊர்க் கருவண்டு, முதல் புதருக்குள் தலையை நுழைத்தால் முதுகில் மகரந்தம் அப்பும். அதே முதுகோடு அடுத்த புதருக்குப் போனால் தொங்கும் சூல்முடி அதைத் துடைத்து எடுத்துக்கொள்ளும்.

நண்பகல் வாக்கில் எல்லாம் தலைகீழாகிறது. மேலே இருந்த சூல்முடி கீழே வளைகிறது. கீழே இருந்தது நிமிர்ந்து பைக்கு மேலே ஏறிவிடுகிறது, அதன் பிறகே அந்தப் பை வெடிக்கிறது. அசைவு கடிகாரத்தின் மணி முள் மாதிரி. உற்றுப் பார்த்தால் தெரியாது, சற்று நடந்துவிட்டு வந்தால் இடம் மாறியிருக்கும். பிற்பகலில் கொடுத்தவர் வாங்குபவர் ஆகிறார், வாங்கியவர் கொடுக்கிறார்.

சரி, ஒரே பூவுக்குள் மகரந்தம் விழாமல் தடுப்பது பல செடிகளுக்கும் தெரிந்த வித்தைதானே என்று தோன்றலாம். என்னை அசத்தியது வேறு. இஞ்சி கிழங்கிலிருந்து பக்கவாட்டில் பரவும் செடி. இத்தனை தண்டுகள் நிற்கிற புதர் முழுவதும் பெரும்பாலும் ஒரே செடிதான். பக்கத்துப் பூவிலிருந்து வந்த மகரந்தமும் அதற்குச் சொந்த மகரந்தமே. ஒவ்வொரு பூவும் தன் இஷ்டத்துக்கு நேரம் பார்த்து அசைந்திருந்தால், தேனீ அந்தப் புதருக்குள்ளேயே சுற்றி எல்லாவற்றையும் கலந்துவிட்டிருக்கும். இங்கே புதரின் எல்லாப் பூக்களும் ஒரே வேளையில் ஒரே நிலையில் இருக்கின்றன. தேனீ எத்தனை பூவில் நுழைந்தாலும் காலையில் அந்தப் புதரில் கொடுக்க மட்டுமே முடியும், அல்லது வாங்க மட்டுமே முடியும். காடு முழுவதும் இரு வகைச் செடிகளும் ஏறத்தாழப் பாதிப்பாதி இருப்பதால் யாருக்கும் ஜோடி கிடைக்காமல் போவதில்லை.

இந்தப் பூங்காவின் ஆய்வாளர்கள்தான் இதை 2001-இல் நேச்சர் அறிவியல் இதழில் உலகுக்குச் சொன்னார்கள். செடிகளின் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து கவனித்தவர்களால் மட்டுமே பிடிக்கக்கூடிய விஷயம் இது. அவர்கள் மீது எனக்கு அப்படியொரு மரியாதை.

ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். அடுத்த நாள் அதே புதரில் புதிதாகப் பூப்பவையும் முந்தைய நாளின் வரிசையையே பின்பற்றுகின்றன. செடி வகை மாறுவதில்லை. போகிறவர்கள் பூக்கும் காலத்தில் போங்கள், இரண்டு வகைக்கும் ஒவ்வொரு புதரை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கட்டும். மதியச் சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.