மார்கழியில் ஒரு வாரம்

டிசம்பர் 22

1887-இல் ஈரோட்டில் கணித மேதை ராமானுஜன் பிறந்த நாள். பக்கத்து வீட்டுப் பையன் அட்டையில் அவர் பெயரால் சொல்லப்படும் 1729 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனான். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பொழுது சாய்ந்தால் எனக்கு வேறு நினைப்பு வந்துவிடும். 1964-இல் இதே ராத்திரி, 11.55 மணிக்குப் பாம்பனை விட்டுக் கிளம்பியது தனுஷ்கோடி பாசஞ்சர். ஆறு பெட்டிகள், 110 பயணிகள், 5 ஊழியர்கள்.

டிசம்பர் 23

ஸ்டேஷனுக்குச் சில நூறு கெஜம்தான் பாக்கி. அதற்குள் புயலோடு வந்த அலை ரயிலை அப்படியே வாரிக்கொண்டு போய்விட்டது. ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அதுவரை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலில் கொழும்பு வரை போகலாம். பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை.

போன வருடம் போயிருந்தேன். இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி மணலைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார். முழங்கை ஆழம்கூட இல்லை, தண்ணீர் ஊறியது. கொட்டாங்குச்சியில் மொண்டு கொடுத்தார். உப்பே இல்லை. இரண்டு பக்கமும் கடல் இருக்க, அந்தத் தண்ணீரை நம்பித்தான் இன்னும் சில குடும்பங்கள் அங்கே இருக்கின்றன.

டிசம்பர் 24

பெரியார் மறைந்தது 1973-இல், எம்.ஜி.ஆர். 1987-இல், இரண்டும் இதே தேதி. கடைத்தெருவில் இரண்டு படத்துக்கும் மாலை போட்டிருந்தார்கள்.

டிசம்பர் 25

கீழ்வெண்மணிக்குப் போய் வந்தேன். 1968-இல் கூலி கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், உயிருக்குப் பயந்து ஒரு சின்னக் குடிசைக்குள் ஒளிந்தார்கள். நிலக்கிழார்களின் ஆட்கள் அதைக் கொளுத்தினார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். புயலையாவது இயற்கை என்று சொல்லலாம். இதை என்ன சொல்வது? இன்று இதற்குமேல் எழுத வரவில்லை.

டிசம்பர் 26

2004, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. சுமத்ராவுக்கு அப்பால் பூமி நடுங்கியபோது நம் நேரம் காலை 6.29. எங்கள் நாகப்பட்டினத்துக்கு அலை வந்தபோது 9 மணி ஆகப்போகிறது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்.

அதே காலையில் இலங்கையில் பெரலியவில் ஒரு ரயில். முதல் அலையில் நின்றுபோனது. ரயில் கனமானது, தாங்கும் என்று நம்பி ஊர்க்காரர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அடுத்த அலை பெட்டிகளைப் புரட்டிவிட்டது. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். நாற்பது வருடம் கழித்து, அதே வாரத்தில், கடல் கொண்டுபோன இன்னொரு ரயில்.

காலையில் கீச்சாங்குப்பம் அக்காவோடு கரைக்குப் போனேன். தூக்குவாளியில் கொண்டுவந்த பாலை அலையில் ஊற்றினார். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் குனிந்து, வாளியை அந்தத் தண்ணீரிலேயே அலசிக்கொண்டு வந்தார்.